விடுப்பு நாளிலும் வகுப்பு பதிவாவது ஏன்?

கேள்வி: வீட்டில் வீணை வகுப்பு நடத்துகிறேன். மாணவிகள் வாட்ஸ்அப்பில் நேரம் கேட்டால் பதிவு செய்துகொள்ளும் ஏஐ உதவியாளர் ஒன்றை என் கூகுள் காலண்டரோடு இணைத்தேன். வெளியூர்த் திருமணத்துக்காக ‘விடுப்பு’ என்று முழுநாளும் குறித்திருந்த அன்றே அது மூன்று பேருக்கு வகுப்பு ஒதுக்கிவிட்டது. என் மருத்துவமனைச் சந்திப்புகளையும் அது படிக்குமோ என்று அச்சமாக இருக்கிறது.
— ஒரு வாசகி, மதுரை

பதில்: கூகுள் காலண்டரில் முழுநாள் குறிப்பாக இடுவது, நாமாக மாற்றாத வரை, பொதுவாக ‘ஃப்ரீ’ என்றே பதிவாகும், பிறந்தநாளும் பண்டிகையும் வேலை நேரத்தை அடைத்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. முன்பதிவுச் செயலிகள் பெரும்பாலும் தலைப்பைப் பார்ப்பதில்லை, ‘பிஸி’ என்றுள்ள நேரத்தை மட்டுமே தவிர்க்கும். நானும் ஒரு தீபாவளியன்று இப்படி மாட்டிக்கொண்டவன்தான். குறிப்பைத் திறந்து ‘பிஸி’ என்று மாற்றிவிடுங்கள்.

உங்கள் அச்சம் நியாயமானது. இணைக்கும்போது கூகுள் காட்டிய அனுமதித் திரையில், எல்லாக் காலண்டர்களையும் பார்க்கவும் திருத்தவும் பகிரவும் நிரந்தரமாக நீக்கவும் ஒப்புதல் கேட்கும் வரி இருந்து, அதற்கு நீங்கள் இசைந்திருந்தால், மருத்துவமனைச் சந்திப்பும் அந்தச் செயலியின் கைக்கு எட்டும். அதே கணக்கில் ‘வகுப்பு’ என்று தனிக் காலண்டர் தொடங்கி, செயலியில் அதை மட்டும் தேர்ந்தெடுத்தால் போதும் என்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. செயலி எதைப் பயன்படுத்துகிறது என்பதுதான் அதனால் மாறுமே தவிர, நீங்கள் கொடுத்த அனுமதி சுருங்காது.

வகுப்புக்கென்று வேறொரு கூகுள் கணக்கு தொடங்குங்கள். உங்கள் சொந்தக் காலண்டரின் பகிர்வு அமைப்பில் அந்தப் புதிய முகவரியைச் சேர்த்து, விவரங்களை மறைத்து ஃப்ரீ, பிஸி நிலையை மட்டும் காட்டும் தெரிவைக் கொடுங்கள். உதவியாளரைப் புதிய கணக்கோடு இணைத்து, நேரம் மோதுகிறதா என்று பார்க்க வேண்டிய காலண்டர்களில் பகிர்ந்ததையும் சேர்த்துவிட்டால், செவ்வாய் மாலை 4 முதல் 5 வரை நீங்கள் ஓய்வாக இல்லை என்பது அதற்குத் தெரியும், எங்கே போகிறீர்கள் என்பது தெரியாது.

பழைய இணைப்பையும் துண்டிக்க வேண்டும். போனிலிருந்து செயலியை நீக்குவதால் அனுமதி ரத்தாகாது. கூகுள் கணக்கில் மூன்றாம் தரப்புச் செயலிகளின் பட்டியலுக்குச் சென்று அதன் அணுகலை அகற்றுங்கள். பிறகு வீட்டில் வேறொருவரின் போனிலிருந்து, அடுத்த விடுப்பு நாளுக்கு வகுப்பு கேட்டுப் பாருங்கள். உதவியாளர் நேரம் இல்லை என்று சொன்ன பிறகு மாணவிகளுக்கு அதன் வாட்ஸ்அப் எண்ணைக் கொடுக்கலாம்.