வெளிநாட்டிலிருந்து திரும்பியவருக்குத் தனி அறை: வாசகர் கேள்வி–பதில்

கொரோனா காலத்தில் வெளிநாடு போய் வந்தவர்கள் வீட்டிலேயே ஒதுங்கியிருப்பது பற்றி வந்த கேள்விகளில் சில இவை. எத்தனை நாள் என்பதை அப்போது அந்தந்த நாட்டு அரசு உத்தரவுதான் முடிவு செய்தது. அந்த நாட்களில் வீட்டுக்குள் என்ன செய்வது என்பதற்கு மட்டும் இங்கே பதில்.

கேள்வி: விமானம் ஏறுவதற்கு முன் எடுத்த ஆர்டி-பிசிஆர் 'நெகட்டிவ்'. உடம்புக்கும் ஒன்றுமில்லை. அப்புறம் எதற்குத் தனி அறை?

மூக்கில் குச்சி விட்ட அந்த வேளையில், கண்டுபிடிக்கும் அளவுக்கு வைரஸ் இல்லை என்பதற்கு மட்டுமே அந்தத் தாள் சாட்சி. முந்தின நாள் தொற்றியிருந்தால் அநேகமாக எந்தப் பரிசோதனையிலும் தெரியாது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2020-ல் வெளிவந்த கணக்கின்படி, அறிகுறி தொடங்கும் நாளில்கூட ஆர்டி-பிசிஆர் நூற்றுக்குச் சுமார் 38 பேரைத் தவறவிட்டது. மூன்று நாள் கழித்துத்தான் அது 20 ஆகக் குறைந்தது. தவிர, பரிசோதனைக்குப் பிறகுதானே விமான நிலைய வரிசை, விமானம், டாக்ஸி எல்லாம்?

உடம்பு நன்றாக இருப்பதையும் நம்ப முடியாது. அறிகுறி தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்பே ஒருவர் மற்றவருக்குத் தொற்றைக் கொடுக்கத் தொடங்கிவிடுகிறார். தொடக்க கால வைரஸில் அறிகுறி வர நடுத்தரமாக ஐந்து நாள் ஆனது. அறிகுறி வந்தவர்களில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் பன்னிரண்டு நாளுக்குள் வந்துவிட்டது. 14 நாள் என்ற கணக்கு இதையொட்டியதுதான். பின்னால் வந்த ஒமிக்ரான் வகையில் அறிகுறி வரும் காலம் ஏறத்தாழ மூன்று நாளாகச் சுருங்கியது.

கேள்வி: நாளை எங்கிருந்து எண்ணுவது? நான் 3-ஆம் தேதி வந்தேன், கணவர் 6-ஆம் தேதி வந்தார். இருவரும் ஒரே அறையில் இருக்கிறோம்.

வந்து இறங்கிய நாள் பூஜ்யம். மறுநாள்தான் முதல் நாள். 14 நாள் உத்தரவு என்றால், 3-ஆம் தேதி வந்த உங்களுக்கு 17 கடைசி நாள். 18 காலையில் வெளியே வரலாம். ஆனால் அவர் உங்கள் அறைக்குள் வந்துவிட்டதால் உங்கள் கணக்கு போய்விட்டது. இனி இருவருக்கும் அவருடைய கணக்குதான்: 20 வரை உள்ளே. வீட்டில் வேறு அறை இருந்திருந்தால் அவரை அங்கே இருத்தியிருக்கலாம்.

நடுவில் ஒருவருக்குக் காய்ச்சலோ இருமலோ வந்தால் பழைய எண்ணிக்கை செல்லாது. அறிகுறி வந்த நாளைப் பூஜ்யமாக வைத்துக் குறைந்தது 10 நாள், அதிலும் கடைசி 24 மணி நேரம் மாத்திரை போடாமலே காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். உடன் இருந்தவருக்கு, இருவரும் கடைசியாகச் சேர்ந்திருந்த நாளிலிருந்து புதுக் கணக்கு.

கேள்வி: வீட்டில் ஒரே ஒரு பாத்ரூம்தான். ஐந்து பேர் இருக்கிறோம். தனிமை என்பது பேச்சுக்குத்தானா?

இல்லை, ஆனால் வீட்டுத் தனிமை தோற்றுப்போகும் இடம் பெரும்பாலும் இதுதான். சின்ன அறை, மூடிய கதவு, ஒருவர் விட்ட மூச்சை அடுத்தவர் இழுக்கிறார். அதனால் முதலில் வரிசையை மாற்றுங்கள். காலையில் மற்ற நால்வரும் குளித்து முடித்த பிறகே திரும்பி வந்தவர் போக வேண்டும். அறையை விட்டுக் கிளம்பும்போதே மாஸ்க். குளிக்கும்போதும் பல் தேய்க்கும்போதும் மட்டும் கழற்றலாம். நனைந்த மாஸ்க் பயன்படாது, காய்ந்த ஒன்றைக் கவரில் கொண்டுபோங்கள்.

எக்ஸாஸ்ட் ஃபேன் முழு நேரமும் ஓடட்டும், அது இல்லையென்றால் ஜன்னல் திறந்திருக்கட்டும். மூடியைப் போட்டுவிட்டு ஃப்ளஷ் செய்யுங்கள். வெளியே வந்ததும் கதவைச் சாத்திவிட்டு ஃபேனை இன்னும் அரை மணி நேரமாவது ஓட விடுங்கள், அதுவரை யாரும் உள்ளே போக வேண்டாம். அவசரமாகப் போக வேண்டியவர் என்95 போட்டுக்கொண்டு போகட்டும். வால்வு வைத்த மாஸ்க்கைத் திரும்பி வந்தவர் போடக் கூடாது. அது உள்ளே இழுக்கும் காற்றை வடிகட்டும், வெளியே விடும் மூச்சை அப்படியே விட்டுவிடும்.

குழாய், தாழ்ப்பாள், ஃப்ளஷ் பொத்தான், சுவிட்ச், மக்கின் கைப்பிடி: உடம்புக்கு முடிகிறவரை திரும்பி வந்தவரே இவற்றைத் துடைத்துவிட்டு வருவது நல்லது. முதலில் சோப்புத் தண்ணீர், பிறகு ப்ளீச். அழுக்கு இருந்தால் குளோரின் அதிலேயே தீர்ந்துபோகும். 5 சதவீத ப்ளீச் திரவம் என்றால் ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீருக்கு 20 மில்லி, 0.1 சதவீதக் கரைசல் கிடைக்கும். தடவிய இடம் ஒரு நிமிடமாவது ஈரமாக இருக்க வேண்டும். உடனே காய்ந்த துணியால் துடைத்துவிட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கும். அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே கொட்டிவிடுங்கள், மறுநாளைக்கு வீரியம் இருக்காது.

இதில் ஒரே ஒரு தவறு ஆளையே சாய்த்துவிடும். ஆசிட் கலந்த டாய்லெட் கிளீனரோடு ப்ளீச் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூடிய சின்ன பாத்ரூமில் அது நுரையீரலைப் புண்ணாக்கிவிடும். அம்மோனியா உள்ள கிளீனரோடும் சேரக் கூடாது. ஒரு வேளைக்கு ஒன்று மட்டும்.

பிரஷ், டவல் இரண்டும் தனி அறையிலேயே இருக்கட்டும். எல்லோருடைய பிரஷ்ஷும் நிற்கும் டம்ளரில் இதையும் சேர்த்து வைக்காதீர்கள்.

கேள்வி: அறையில் ஏசி போடலாமா? கதவிடுக்கை அடைக்க வேண்டுமா?

ஸ்ப்ளிட் ஏசி அந்த அறைக் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கும். அடுத்த அறைக்கு அனுப்பாது, புதுக் காற்றையும் கொண்டுவராது. வீடு முழுவதற்கும் ஒரே சென்ட்ரல் ஏசி என்றால் அந்த அறையில் காற்று வரும் வாய், இழுக்கும் வாய் இரண்டையும் அடைத்துவிடுங்கள். சீலிங் ஃபேன் காற்றைக் கலக்கிவிடுமே தவிர வெளியேற்றாது.

சிறந்த வழி, ஜன்னலை ஒட்டி ஒரு டேபிள் ஃபேனை வெளிப்பக்கம் பார்த்தபடி வைப்பது. அறைக் காற்று வெளியே போகும், ஹால் காற்று கதவுக்கு அடியில் உள்ளே வரும். இந்த ஏற்பாட்டில் கதவிடுக்கு திறந்திருப்பதே நல்லது. சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு டிஷ்யூ தாளை மெல்லிய நாடாவாகக் கிழித்துக் கதவின் அடி இடுக்கில் பிடியுங்கள். நாடா அறைக்குள் சாய்ந்தால் சரி. ஹால் பக்கம் படபடத்தால், ஜன்னல் காற்று உங்கள் மூச்சை வீட்டுக்குள் தள்ளுகிறது என்று அர்த்தம். அப்போது காற்றடிக்கும் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டு, கதவடியில் ஒரு டவலைச் சுருட்டி வையுங்கள். காற்றின் திசை மாறும் என்பதால் காலை, மாலை இரு வேளையும் பார்ப்பது நல்லது.

கேள்வி: சாப்பாடு கொடுப்பது எப்படி? தட்டைத் தூக்கிப் போட்டுவிட வேண்டுமா?

வேண்டாம். சோப்பும் வெந்நீரும் போட்டுத் தேய்த்தால் போதும். வாசலில் ஒரு ஸ்டூலில் வைத்து, கதவைத் தட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள். உள்ளே இருப்பவர் மாஸ்க் போட்டுக்கொண்டு ஒரு நிமிடம் கழித்துத் திறக்கட்டும். கொடுப்பவர் தினமும் ஒரே ஆளாக, முடிந்தால் 60 வயதுக்கு உட்பட்டவராக, சர்க்கரை நோய் இல்லாதவராக இருப்பது நல்லது. திறந்த வாசலில் நின்று அரட்டை அடிப்பதற்குப் போன் இருக்கிறது.

கேள்வி: சூட்கேஸ் முழுக்கக் கிருமிநாசினி அடித்தோம். போதுமா?

அதற்கு அவசியமே இல்லை. பிளாஸ்டிக்கின் மேல் வைரஸ் 72 மணி நேரம் வரை உயிரோடு இருந்தது ஆய்வகத்தில்தான். பொருட்களைத் தொட்டுத் தொற்றுவது மிகக் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் சொல்லிவிட்டது. பெட்டியைத் தொட்ட கையை 20 விநாடி சோப்புப் போட்டுக் கழுவுங்கள், துணிகளை எப்போதும் போலத் துவையுங்கள். மனிதர்மேல் கிருமிநாசினி அடிப்பது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

கேள்வி: எட்டு மாதக் குழந்தையோடு திரும்பியிருக்கிறேன். தாய்ப்பால் கொடுக்கலாமா? குழந்தையை மாமியாரிடம் விடலாமா?

தாராளமாகக் கொடுக்கலாம், உலக சுகாதார நிறுவனமும் அதையே சொல்கிறது. அறிகுறி இருந்தால் பால் கொடுக்கும் முன் கை கழுவி, மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு வயதுக்குள் உள்ள குழந்தைக்கு மாஸ்க் போடவே கூடாது, மூச்சு முட்டும்.

மாமியாரிடம் விட வேண்டாம். குழந்தையும் அதே விமானத்தில்தான் வந்திருக்கிறது. பேரனை ஐந்து நிமிடம் தூக்கிக்கொள்கிறேன் என்று அவர் கேட்பது நியாயம்தான், ஆனால் குழந்தை இருமுவது அவர் முகத்துக்கு நேராக.

கேள்வி: ஆறாம் நாள் காய்ச்சல். கொரோனாதானே? வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாமா?

கொரோனாதான் என்று முடிவு கட்டுவது ஆபத்து. கொசு உள்ள நாட்டிலிருந்து வந்தவருக்கு மலேரியாவாக இருக்கலாம், டெங்குவாக இருக்கலாம். டெங்கு கடிபட்டு இரண்டு வாரத்துக்குள் வரும். மலேரியாவிலேயே கடுமையான வகையான பால்சிபாரம் பெரும்பாலும் கடிபட்டு 7 முதல் 30 நாளில் தலைகாட்டும்; சிகிச்சை தாமதித்தால் உயிரைக் குடிக்கும். கொரோனா பரிசோதனையோடு மலேரியாவுக்கு ரத்தப் பரிசோதனையும் அன்றே எடுக்கச் சொல்லுங்கள். டெங்கு இல்லை என்று தெரியும்வரை பாராசிட்டமால் மட்டும் போடுங்கள். ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் ரத்தக் கசிவைக் கூட்டும். மாத்திரை போடுவதற்கு முன்பே காய்ச்சலை அளந்து எழுதிவையுங்கள்.

ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் வைத்திருந்தால் ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு, நகப்பூச்சு இல்லாத, சூடான விரலில் மாட்டி, எண் நிலைக்கும்வரை காத்திருங்கள். 94-க்குக் கீழே போனால் மருத்துவரை அழையுங்கள், 90-க்குக் கீழே என்றால் ஆம்புலன்ஸ். கறுத்த தோலில் கருவி சற்றுக் கூடுதலாகவே காட்டக்கூடும். ஆகவே எண் நன்றாக இருந்தும் மூச்சு வாங்கினால் மூச்சைத்தான் நம்ப வேண்டும். நெஞ்சுவலி, குழப்பம், உதடு நீலமாவது இவற்றுக்கும் ஆம்புலன்ஸ்தான்.

காய்ச்சலே இல்லாமல் ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச்சதை வலித்து, திடீரென்று மூச்சுத் திணறினாலும் அப்படியே. நீண்ட விமானப் பயணத்தில் காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போயிருக்கலாம்.

கிளம்புவதற்கு முன் மருத்துவமனைக்குப் போன் செய்து, எந்தெந்த நாட்டில் இருந்தீர்கள், என்றைக்குத் திரும்பினீர்கள் என்று சொல்லிவிடுங்கள்.