பொங்கல் கூட்டத்தில் இருவர் மட்டும் காரில் சுற்றலாமா?

வண்டியும் வழியும்: வாசகர் கேள்வி பதில்
(பதில் சொல்பவர், தஞ்சாவூரில் நெடுங்காலம் டூரிஸ்ட் கார் ஓட்டியவர்)

கேள்வி: நானும் என் கணவரும் கோவையில் வேலை பார்க்கிறோம். இருவருக்கும் சேர்ந்தாற்போல் லீவு கிடைப்பது பொங்கலை ஒட்டித்தான். சொந்தக் காரில் செட்டிநாடு, தரங்கம்பாடி, கும்பகோணம் என்று சின்ன ஊர்களாகப் பார்த்துவர ஆசை. அவர் பிள்ளையார்பட்டியில் தொடங்கி வேளாங்கண்ணி, நவக்கிரகத் தலங்கள் வரை ஒரு பக்கம் நிறைய எழுதி வைத்திருக்கிறார். எனக்கு ஒரு பழைய தெருவில் நிதானமாக நடந்தால் போதும். 'பொங்கல் சமயத்தில் போனால் கூட்டத்தைத்தான் பார்ப்பீர்கள்' என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள். போகலாமா? எந்த வரிசையில் போவது?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: தாராளமாகப் போங்கள், அம்மா. டெல்டா மிக அழகாக இருக்கும் மாதம் தை. சம்பா அறுவடை, தெருவை அடைத்துக் கோலம், வண்டி வண்டியாகக் கரும்பு, மஞ்சள் கொத்து. இதையெல்லாம் கூட்டமில்லாத ஜூலையில் போனால் பார்க்க முடியாது.

வீட்டில் சொல்லும் கூட்டம் உண்மைதான். ஆனால் இந்தச் சின்ன ஊர்களுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் காலை பத்து மணிக்கு மேல் வேனிலும் பஸ்ஸிலும் வந்து, மாலையில் திரும்பிவிடுகிறவர்கள். தஞ்சாவூரிலோ மதுரையிலோ தங்கிக்கொண்டு பகலில் வந்து போவார்கள். நீங்கள் அந்தச் சின்ன ஊரிலேயே இரவு தங்கினால், காலை ஆறிலிருந்து ஒன்பது வரை ஊர் உங்களுக்குத்தான். மாலை ஐந்துக்கு மேலும் அப்படியே. நடுப்பகலில் சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள். டெல்டாவில் கோயில் சன்னிதிகளும் பன்னிரண்டு மணியை ஒட்டி நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். வெயிலில் அலைந்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

வரிசை ரொம்ப முக்கியம். கோவையிலிருந்து வருகிற எல்லோரும் திருச்சி, தஞ்சாவூர் என்று நேரே போய், கடைசியில் செட்டிநாடு வழியாகத் திரும்புவார்கள். நீங்கள் தலைகீழாகப் போங்கள். போகிக்கு இரண்டு நாள் முன்பே கிளம்பி, திண்டுக்கல், நத்தம், சிங்கம்புணரி வழியாகக் காரைக்குடிப் பக்கம் சேருங்கள். அங்கே இரண்டு இரவு. போகியன்று தரங்கம்பாடி, ஒரு இரவு. பொங்கலன்று மாலை கும்பகோணம், இரண்டு இரவு. காணும் பொங்கல் காலையில் வீட்டுக்குக் கிளம்பிவிடுங்கள்.

ஏன் இப்படி என்றால், ஆத்தங்குடியில் டைல்ஸ் போடும் பட்டறைகளில் பொங்கலுக்கு ஆள் இருக்காது. பண்டிகைக்கு முன்னால் போனால்தான் வேலை நடப்பதைப் பார்க்கலாம். கண்ணாடித் தட்டின்மேல் இரும்பு அச்சை வைத்து, வண்ண சிமெண்ட் கரைசலைக் கரண்டியால் ஒவ்வொரு கட்டத்திலும் ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கிவிட்டு மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்துவார்கள். சூளையே கிடையாது. தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்தால் முடிந்தது. கண்ணாடியின் வழவழப்புதான் கல்லுக்கு வருகிறது. நடக்க நடக்க, துடைக்கத் துடைக்க இன்னும் மினுங்கும். உங்கள் கணவரை அங்கே ஒரு மணி நேரம் நிற்கவிடுங்கள். பட்டியலில் பாதியை அவரே அடித்துவிடுவார்.

இன்னொரு காரணம் பாதயாத்திரை. தைப்பூசம் நெருங்க நெருங்க, குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் பழநிக்கு நடந்து போகிறவர்களால் அந்தச் சாலை நிறைந்துவிடும். நகரத்தார் காவடி தலைமுறை தலைமுறையாகப் போகும் பாதை அது. பூசம் எந்தத் தேதியில் வருகிறது என்று காலண்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். சீக்கிரமே வருகிற வருஷமென்றால் திண்டுக்கல்லுக்கு முன்னாலேயே நடப்பவர்களைப் பார்ப்பீர்கள். இருட்டில் அந்தப் பக்கம் வண்டி ஓட்டவே வேண்டாம். காணும் பொங்கலை ஒட்டிப் பிள்ளையார்பட்டிக்குப் பக்கத்தில் சிராவயல் மஞ்சுவிரட்டும் நடக்கும், அன்று அந்த வட்டாரம் முழுக்க ஜனம்தான். அதற்குள் நீங்கள் தாண்டிப் போயிருப்பீர்கள்.

செட்டிநாட்டில் தங்கக் கானாடுகாத்தான் நல்லது. பழைய வீடுகளில் சில தங்குமிடமாகியிருக்கின்றன, சீசனில் வாடகை ஏறும். கட்டாது என்றால் காரைக்குடியில் சாதாரண லாட்ஜ் போதும், அரை மணி தூரம்தான். முதல் நாள் மாலை வெறுமனே தெருவில் நடங்கள். ஒரு வீதியில் முகப்பு, அடுத்த வீதியில் பின்கட்டு என்று வீடு நீண்டு கிடக்கும். எல்லாக் கதவும் திறந்திருந்தால் வாசலில் நின்றே கடைசிக் கட்டின் வெளிச்சத்தைப் பார்க்கலாம். பர்மாத் தேக்குத் தூண், முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுண்ணாம்புச் சுவர். அந்தச் சுவரைத் தொட்டுப் பாருங்கள், சில்லென்று இருக்கும். மறுநாள் ஆத்தங்குடி முடித்துவிட்டு, வெயில் தாழ்ந்ததும் திருமயம் கோட்டை. சேதுபதி மன்னர் 1687-இல் கட்டியது. அதே குன்றின் அடியில் சிவனுக்கும் பெருமாளுக்கும் அடுத்தடுத்துக் குடைவரைகள். பிள்ளையார்பட்டிக்கு நடை திறந்த உடனே போய்விட்டு வந்துவிடுங்கள்.

போகியன்று அறந்தாங்கி, பட்டுக்கோட்டை, மன்னார்குடி, திருவாரூர், காரைக்கால் வழி. நிறுத்தி நிறுத்திப் போனால் ஆறு மணி நேரமாவது ஆகும். இதில் உங்கள் கணவருக்காக ஒரே ஒரு சுற்று: அறந்தாங்கியிலிருந்து ஆவுடையார்கோயில். மாணிக்கவாசகர் கோயில். கல்லிலேயே மரச்சட்டமும் ஆணியும் போல இழைத்த கொடுங்கையை, அதாவது வளைந்து இறங்கும் கூரை விளிம்பை, அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். பதினோரு மணிக்குள் போய்விட வேண்டும். வேளாங்கண்ணியும் நவக்கிரகமும் இந்த முறை வேண்டாம். வேண்டுதல் இருந்தால் அதற்கென்றே தனியாக வாருங்கள், அதுதான் முறை. காரைக்காலில் பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள், அது புதுச்சேரி யூனியன் பிரதேசம், நம்மிடம் விற்பதைவிட விலை குறைவு.

தரங்கம்பாடிதான் நீங்கள் கேட்ட தெரு. ஊரின் பழைய நுழைவாயில் 1792-இல் கட்டியது. அதற்குள் நுழைந்தால் ராஜ வீதி நேரே கடலுக்குப் போகும். இடது பக்கமும் வலது பக்கமும் தேவாலயங்கள். அதில் புதிய எருசலேம் ஆலயம் 1718-ஆம் ஆண்டுடையது, தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட சீகன்பால்கு அங்கேதான் அடக்கம். வீதி முடிகிற இடத்தில் டேனிஷ் கோட்டை. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் அனுமதி கொடுத்துக் கட்டியது. அவர் டென்மார்க் அரசருக்குப் பொன் ஓலையில் எழுதிய கடிதம் இன்னும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. கடலோரம் மாசிலாமணிநாதர் கோயில், பாண்டியர் காலத்தது, ஒரு பகுதியைக் கடலே கொண்டுபோய்விட்டது. மொத்த ஊரையும் அரை மணியில் நடந்துவிடலாம். அப்படிச் செய்யாதீர்கள். பொங்கலன்று விடியற்காலை கோட்டைக்கு முன்னால் போய் நின்று, சூரியன் கடலிலிருந்து வருவதை இருவருமாகப் பாருங்கள். காணும் பொங்கலன்று இதே இடத்தில் நிற்க இடம் இருக்காது. சுற்று வட்டாரமே கடற்கரைக்கு வந்துவிடும்.

அறை பதிவு செய்யும்போது முதலில் தரங்கம்பாடியை உறுதி செய்யுங்கள். அங்கே தங்குமிடம் கொஞ்சம்தான். அது கிடைத்த தேதிக்கு மற்றதை மாற்றிக்கொள்ளலாம். கும்பகோணத்தில் எப்படியும் கிடைக்கும். போனில் பேசும்போது பொங்கலன்று சமையல் உண்டா என்று மறக்காமல் கேளுங்கள். அன்று ஓட்டல்கள் பலவும் மூடியிருக்கும், வேலை செய்கிறவர்களும் ஊருக்குப் போக வேண்டாமா? புளிசாதமும் தயிர்சாதமும் தங்குமிடத்தில் சொல்லிக் கட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.

மாட்டுப் பொங்கல் காலையில் தஞ்சைப் பெரிய கோயில். ஒரே கல்லில் செய்த அந்தப் பெரிய நந்திக்குக் கத்தரிக்காய், பூசணி, வாழைப்பழம், இனிப்பு என்று காய்கனிகளால் அலங்காரம் செய்வார்கள். பசுக்களுக்குப் பூஜை நடக்கும். இந்த ஒரு இடத்தில் மட்டும் கூட்டத்தோடு கூட்டமாக நில்லுங்கள், அது பார்க்க வேண்டிய கூட்டம். சாயங்காலம் தாராசுரம். இரண்டாம் ராஜராஜன் கட்டிய கோயில், 2004-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அங்கே பெரிய சிற்பங்களைப் பார்த்துவிட்டு எல்லோரும் போய்விடுகிறார்கள். சுவரில் கையகலத்தில் வரிசையாக அறுபத்துமூவர் கதை செதுக்கியிருக்கிறது. ஒவ்வொன்றாகப் பாருங்கள், மாலை வெளிச்சம் சாய்வாக விழும்போது தெளிவாகத் தெரியும். சுவாமிமலையில் ஐம்பொன் சிலைப் பட்டறைகள் அன்று மூடியிருக்கலாம். இந்தத் தேதியில் வருவதற்கு அது ஒரு நஷ்டம்தான்.

வண்டி ஓட்டுவது பற்றி ஒன்றே ஒன்று. இருட்டிய பிறகு டெல்டா சாலைகளில் போகாதீர்கள். கரும்பு டிராக்டருக்குப் பின்விளக்கு இருக்காது, அறுவடை எந்திரம் பாதி ரோட்டை அடைக்கும், ஓரத்தில் நெல் காயும். காலையில் பனி விலகி வெளிச்சம் வந்த பிறகு கிளம்பினால் போதும்.

கேள்வி: செட்டிநாட்டில் எங்கள் பூர்வீக வீட்டுக்குப் பொங்கலுக்கு வருவோம். வாசல் திறந்திருந்தால் போதும், காரில் வருகிறவர்கள் கேட்காமல் உள்ளே வந்து படம் எடுக்கிறார்கள். வீட்டை மறித்துக் காரை நிறுத்துகிறார்கள். இதை எழுதுங்களேன்.
– ஒரு வாசகர், சிவகங்கை மாவட்டம்

பதில்: ஐயா, நீங்கள் சொல்வது எனக்கும் மனசுக்குக் கஷ்டம். பயணிகளுக்குச் சொல்கிறேன்: அந்த வீடுகளில் பலவும் பல பங்காளிகளுக்குச் சொந்தம். வருஷம் முழுக்கப் பூட்டிக்கிடந்து, பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும்தான் திறக்கும். வளவில், அதாவது வீட்டின் நடுமுற்றத்தில், பொங்கல் வைக்கிற நேரத்தில் முன்பின் தெரியாதவர் கேமராவோடு நிற்பது முறையில்லை. டிக்கெட் வைத்துக் காட்டும் வீடுகள் தனியாக இருக்கின்றன, அங்கே போங்கள். மற்ற வீடுகளில் வாசலில் நின்று கேளுங்கள். வேண்டாம் என்றால் கும்பிட்டுவிட்டு நகருங்கள். காரை ஊருக்கு வெளியே ஊருணிக்கரையில், வழியை மறிக்காமல் விட்டுவிட்டு நடந்து வாருங்கள்.

கேள்வி: கும்பகோணத்தில் கோயில் கோயிலாகக் காரிலேயே போக முடியுமா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: முடியாது. கும்பேஸ்வரர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் பண்டிகை நாளில் சைக்கிளே தடுமாறும். பார்க்கிங் உள்ள தங்குமிடமாகப் பார்த்துக் காரை அங்கேயே விடுங்கள். ஊருக்குள் ஆட்டோ பிடியுங்கள், ஏறும்முன் கட்டணம் பேசிக்கொள்ளுங்கள்.