கடலுயிரியல் களப்பயிற்சிக்கு வெளிநாடு போற பிள்ளைகளே, கேளுங்கோ

வெள்ளவத்தையில விடியத் தொடக்கம் மழை, வெளிய போக ஏலாது, அதால பின்னேரம் முழுக்க உங்கட கேள்விகளுக்கு இங்க பதில் எழுதிக்கொண்டுதான் இருப்பன். மாணவியா ஒருக்கா, பேந்து உதவிக்கு எண்டு மூண்டு தரம் இப்பிடி கோர்ஸுகளுக்கு போய் வந்திருக்கிறன். விசா ஏஜென்ட் வேலை எனக்கு தெரியாது, கடலை பற்றி கேளுங்கோ.

தெஹிவளை தம்பி: அக்கா, கம்பஸில மூண்டாம் வருஷம் சூவோலஜி. தாய்லாந்தில ரெண்டு கிழமை கோர்ஸ் ஒண்டுக்கு எடுபட்டிருக்கு. அங்க உண்மையில என்ன செய்ய விடுவாங்கள்? மீன் பாக்கிறதா?

மீன் பாக்கிறது முதல் நாள் மட்டும்தான் தம்பி. ரெண்டாம் நாள் தொடக்கம் எண்ணுறது. கடலடியில எவ்வளவு முருகைக்கல் இருக்கு எண்டு அளக்கிற ரீஃப் செக் முறை எண்டு ஒண்டு கட்டாயம் வரும், 100 மீட்டர் டேப்பை முருகைக்கல்லுக்கு மேலால விரிச்சு, அதில 20 மீட்டர் துண்டு நாலு, ரெண்டு துண்டுக்கு நடுவில 5 மீட்டர் விட்டு, ஒவ்வொரு துண்டிலயும் அரை மீட்டருக்கு ஒருக்கா டேப்புக்கு நேர கீழ என்ன கிடக்கு எண்டு எழுதோணும். துண்டுக்கு 40 புள்ளி, மொத்தம் 160. கேக்க லேசு. தண்ணி இழுக்கேக்க டேப் ஆடும், நீங்களும் ஆடுவீங்கள், கண் தானா போய் வடிவான முருகைக்கல்லில நிக்கும், கையும் அதையே எழுதும். அதுக்குத்தான் நூல்ல ஒரு இரும்பு நட்டை கட்டி தருவாங்கள். டேப்பில பிடிச்சு விட்டா நட்டு எங்க விழுதோ அதுதான் கணக்கு. மணல்ல விழுந்தா மணல், பக்கத்தில எவ்வளவு வடிவான மான்கொம்பு முருகைக்கல் நிண்டாலும் மணல்தான். எனக்கு முதல் நாள் வந்த கணக்கும் என்ட சோடி எடுத்த கணக்கும் ஒண்டுக்கொண்டு பொருந்தவே இல்லை, ரெண்டு பேரும் ஒரே டேப்பிலதான் போனம். பின்னேரம் அந்த வித்தியாசம் எங்கால வந்தது எண்டு இருந்து கதைச்சமே, படிப்பு எண்டா அதுதான்.

மருதானை தங்கச்சி: அக்கா, எங்கட வாப்பா தனிய அனுப்ப யோசிக்கிறார். நான் முழுசா மூடித்தான் உடுப்பன், தண்ணிக்குள்ள ஒரு மாதிரி பாப்பாங்களா? ஹலால் சாப்பாடு?

ஒருத்தரும் பாக்க மாட்டினம். வெயிலுக்கும் சொறி முட்டைக்கும் (ஜெலி மீன்) பயந்து அங்க எல்லாருமே முழுக்கை, முழுக்கால் நீச்சல் உடுப்புத்தான் போடுறவை, முகம் மட்டும்தான் வெளிய தெரியும். இன்னொரு லாபமும் இருக்கு, சன்கிரீம் கனக்க பூச தேவையில்லை. முருகைக்கல்லுக்கு கூடாது எண்டு தாய்லாந்து கடல் தேசிய பூங்காக்களில 2021 தொடக்கம் ஒக்சிபென்சோன், ஒக்டினோக்சேட் உள்ள சன்கிரீம் தடை, பலாவு நாட்டில 2020 லயே தடை, இங்க கடையில வாங்கேக்க போத்தலுக்கு பின்னால வாசிச்சு வாங்குங்கோ. சாப்பாட்டை பற்றி கோர்ஸ்காரருக்கு இப்பவே மெயில் போடுங்கோ, போய் இறங்கின பிறகு கேட்டா முட்டையும் சோறும்தான் மிஞ்சும். வாப்பாவை ஒருக்கா நடத்துறவையோட வீடியோ கோலில கதைக்க விடுங்கோ, என்ட அப்பா அப்பிடித்தான் ஓமெண்டவர்.

பெயர் போடாத ஒருத்தர்: ஐரோப்பா போற ஷெங்கன் விசாவுக்கு பேங்கில எவ்வளவு காசு காட்டோணும்?

விசா சென்டரில கேளுங்கோ. பயண மருத்துவ இன்சூரன்ஸ் மட்டும் 30,000 யூரோவுக்கு குறையக் கூடாது.

வத்தளை தங்கச்சி: அக்கா, ஞாபகத்துக்கு முருகைக்கல் துண்டு ஒண்டு, சங்கு ரெண்டு கொண்டு வரலாமோ?

வேண்டாம் தங்கச்சி. கல் முருகை எல்லா வகையும், காட்டுயிர்களை நாடு விட்டு நாடு கொண்டு போறதை கட்டுப்படுத்துற சைட்டிஸ் ஒப்பந்தத்தில ரெண்டாம் பட்டியல்ல இருக்கு, பெர்மிட் இல்லாம எல்லை தாண்ட ஏலாது, இலங்கை 1979 லயே அந்த ஒப்பந்தத்தில சேந்திட்டுது. ராட்சத சிப்பி, கடற்குதிரை எல்லாம் அதே பட்டியல். படம் எடுத்து கொண்டு வாங்கோ.

ஹட்டன் தம்பி: கென்யாவுக்கு போறன் அக்கா, ஊசி ஏதும் போடோணுமா?

ஓம், மஞ்சள் காய்ச்சல் ஊசி. கென்யா அந்த நோய் இருக்கிற நாடுகளில ஒண்டு, திரும்பி வரேக்க கட்டுநாயக்காவில சான்றிதழ் கேப்பாங்கள். பொரளையில மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில (எம்.ஆர்.ஐ.) போடுறவை. போட்டு பத்து நாளுக்கு பிறகுதான் சான்றிதழ் செல்லும், அதால ஹட்டனில இருந்து கடைசி கிழமையில ஓடி வராதீங்க. ஒருக்கா போட்டா ஆயுசுக்கும் காணும்.

பம்பலப்பிட்டி தம்பி: கடைசி நாள் பின்னேரம் டைவ், அடுத்த நாள் விடிய ஃப்ளைட். ஓகே தானே?

ஓகே இல்லை!! இதை எத்தினை பேருக்கு சொல்லிட்டன். பல டைவ் அடிச்சா கடைசி டைவுக்கும் ப்ளேனுக்கும் நடுவில குறைஞ்சது 18 மணித்தியாலம் விடோணும். ஆழத்தில மூச்செடுக்கேக்க நைட்ரஜன் ரத்தத்தில கரையும், ப்ளேனுக்குள்ள அமுக்கம் குறைவு, நெக்டோ சோடா போத்தலை டக்கெண்டு திறந்த மாதிரி உடம்புக்குள்ள குமிழி வரும். எனக்கு நடந்ததை கேளுங்கோ. மலிவு எண்டு விடிய ஆறு மணி டிக்கெட் போட்டிட்டன். கடைசி டைவ் பின்னேரம் மூண்டு மணி. போட்டில ஏறினாப்பிறகுதான் டைவ் மாஸ்டர் ஒவ்வொருத்தரா ஃப்ளைட் நேரம் கேட்டார், என்ட நேரத்தை கேட்டிட்டு ஒரு கதையும் இல்லை, டாங்கை கழட்டி வைச்சிட்டார். எல்லாரும் கீழ, நான் மட்டும் மேல, போட்கார ஐயா தந்த பப்பாளித் துண்டோட அவங்கட மூச்சுக் குமிழி எங்க வருது எண்டு பாத்துக்கொண்டு இருந்தன். ஏறி வந்து எல்லாரும் ஒரே நேரத்தில கத்தினாங்கள், புள்ளிச் சுறா கண்டதாம், மணல்ல படுத்திருந்ததாம். டிக்கெட்டில மிச்சம் பிடிச்ச காசு எவ்வளவு எண்டு இப்ப ஞாபகம் கூட இல்லை.

கொட்டாஞ்சேனை அண்ணா ஒருத்தர்: தங்கச்சி, கோவிக்காதீங்கோ. சுத்திவர கடல் இருக்கிற நாட்டில இருந்து லட்சக்கணக்கில செலவழிச்சு இன்னொருத்தன்ட கடலை பாக்க என்னத்துக்கு போகோணும்? மன்னார் இல்லையா, கற்பிட்டி இல்லையா? வெள்ளைக்காரன் இங்க வந்து ஆராய்ச்சி செய்யிறான், எங்கட பிள்ளைகள் அங்க போய் படம் எடுக்குதுகள்.

நீர்கொழும்பு தங்கச்சி: அண்ணா சொல்லுறதும் சரிதான். என்ட அப்பா கடற்தொழில். ஒரா மீன் எந்த மாதம் எந்த சாதாளைக்கு (கடற்புல்) வரும் எண்டு கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். அவரிட்ட ஒருத்தரும் கோர்ஸ் நடத்த சொல்லி கேக்கேல்லையே.

இது நல்ல கேள்வி, மிச்சம் எல்லாம் கொஞ்சம் நிக்கட்டும். அண்ணா, முதல் பாதி சரி. வெளியில இருந்து வந்து தரவை அள்ளிக்கொண்டு போறதை பாரஷூட் சயன்ஸ் எண்டுவினம், நீலத்திமிங்கிலம் ஆராய்ச்சி செய்யிற எங்கட கொழும்பு ஆஷா டி வோஸ் அதை பற்றி உலகம் முழுக்க கதைச்சவ. ஆனா அதுக்காக நாங்கள் போகாம இருந்தா யாருக்கு நட்டம்? நூல்ல நட்டு கட்டி எண்ணுற அந்த சின்ன விஷயத்தை நான் படிச்சது அங்கதான். இங்க படிப்பிக்கேக்க எனக்கு கிடைச்சது கரும்பலகையில கீறின படம்.

சரி, என்ட வெக்கத்தையும் சொல்லுறன். மூண்டாம் நாள் இரவு ஒவ்வொருத்தரும் தங்கட கடலை பற்றி பத்து நிமிஷம் கதைக்கோணும். பிலிப்பைன்ஸ் பிள்ளை தன்ட ஊர் முருகைக்கல் பாரை பற்றி கதைச்சா, இந்தோனேசியா தம்பி மாமான்ட வள்ளத்தை பற்றி. நான் ஹிக்கடுவையில கண்ணாடி போட்டில போனதை சொன்னன். ஒராள் கேட்டார், 1998 ல வெளிறி செத்த கற்பிட்டி பார் பிறகு எப்பிடி மீண்டது, 2016 ல திரும்ப என்ன நடந்தது எண்டு. அவருக்கு தெரிஞ்சிருக்கு. எனக்கு கற்பிட்டிக்கு பஸ் எங்க ஏறுறது எண்டே தெரியாது. ஆக அண்ணா, போகத்தான் வேணும், ஆனா போக முதல் ஒருக்காவாவது இங்க தண்ணிக்குள்ள தலையை வைக்கோணும். நவம்பர் தொடக்கம் ஏப்ரல் வரைக்கும் இந்தப் பக்கம் கடல் அமைதி, ஹிக்கடுவை, கற்பிட்டி. மே தொடக்கம் செப்டெம்பர் வரைக்கும் நிலாவெளி புறாமலை. நீர்கொழும்பு தங்கச்சி, நீங்கள் போகேக்க அப்பாவிட்ட ஒரா கதையை எழுதி வாங்கிக்கொண்டு போங்கோ, பத்து நிமிஷம் காணாது உங்களுக்கு.

கொட்டாஞ்சேனை அண்ணா: லட்சக் கணக்கு இன்னும் இருக்கு.

இருக்கு. காசுதவி இல்லாம சொந்தக் காசில போகாதீங்க எண்டுதான் நானும் சொல்லுறன். கன கோர்ஸில எங்கட மாதிரி நாட்டுப் பிள்ளைகளுக்கு கட்டணக் கழிவு இருக்கு, விண்ணப்பத்தில அந்த பெட்டியை டிக் பண்ணாமலே அனுப்புறீங்கள்.

கிராண்ட்பாஸ் தம்பி: அக்கா, செத்த முருகைக்கல் எண்டா கொண்டு வரலாம் தானே?

செத்ததும் அதே சட்டம். மேல வாசியுங்கோ.

களுபோவில தம்பி: நீந்த வடிவா தெரியாது. ரெண்டு மாதம் இருக்கு, வெள்ளவத்தை கடல்ல பழகட்டோ?

என்ட வீட்டு ஜன்னலால பாத்தா தெரியிற கடல் அது, சொல்லுறன், வேண்டாம். தென்மேல் பருவத்தில உள்ளுக்கு இழுக்கும். நீச்சல் தடாகத்தில ஆள் வைச்சு பழகுங்கோ, 200 மீட்டர் நிக்காம நீந்த வந்தா ஸ்நோர்கெலுக்கு காணும்.

வத்தளை தங்கச்சி: அக்கா, கரையில தானா ஒதுங்கின சங்கு…

இல்லை.

தெஹிவளை தம்பி: கடைசியா ஒண்டு. தண்ணிக்குள்ள எதால எழுதுறது? விசேஷ பேனை வாங்கோணுமா?

சாதா பென்சில் தம்பி. பிளாஸ்டிக் தட்டை மண் கடதாசியால கொஞ்சம் தேய்ச்சா எழுதுப்படும். பென்சிலை ரெண்டு பக்கமும் சீவி, நடுவில நூல் கட்டி தட்டோட கொழுவுங்கோ. ஒரு முனை கட்டாயம் உடையும்.