தங்கத்தட்டில் இல்லாத சொல்

அன்புள்ள அக்கா,

வாயேஜர் விண்கலம் பற்றி நீங்கள் எழுதியதை வீட்டில் சத்தமாகப் படித்தேன். வேற்றுக்கிரகத்தார் யாராவது கேட்கட்டும் என்று அதில் வைத்து அனுப்பிய, 55 மொழிகளில் வணக்கம் சொல்லும் அந்தத் தங்க இசைத்தட்டு பற்றி என் மகளும் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான். படித்து முடிப்பதற்குள் உள்ளறையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. ஒரே ஒரு சொல். இங்கே எழுத முடியாத சொல்.

அப்பா 31 வருடம் தமிழாசிரியராக இருந்தவர். எங்களைச் 'சனியனே' என்றுகூடத் திட்டியதில்லை. எட்டு மாதம் முன்பு பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போய்விட்டன. மிச்சமிருப்பது அந்தச் சொல்தான். தண்ணீர் வேண்டும் என்றாலும் அதுதான், யாராவது பார்க்க வந்தாலும் அதுதான். சொந்தக்காரர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். "இத்தனை நாளா மனசுல அடக்கி வச்சிருந்தது இப்ப வெளிய வருது" என்று சித்தப்பா சொல்லிவிட்டுப் போனார். அது என்னை அரித்துக்கொண்டே இருக்கிறது.

மகள் கேட்டாள்: "வேற்றுக்கிரகத்துக்காரங்க இந்த வார்த்தையை மட்டும் கேட்டா நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

எம்., கும்பகோணம்

*

அன்புள்ள எம்.,

முதலில் சித்தப்பா சொன்னதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அது தவறு. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார், ஆனால் தவறு.

பாரிஸில் பீசேத்ர் மருத்துவமனையில் லெபோர்ன்யு என்றொரு நோயாளி இருபது வருடத்துக்கும் மேல் கிடந்தார். எதைக் கேட்டாலும் "தான், தான்" என்பார். அதுவே அவருடைய பெயராகிவிட்டது. உங்கள் அப்பாவைப் போலவே அவருக்கும் வலப்பக்கம் செயலிழந்தது. சைகை காட்டிப் பார்த்தும் எதிரே இருப்பவருக்குப் புரியவில்லை என்றால் கோபத்தில் கடவுள் பெயரை இழுத்து ஒரு வசவு முழுசாக, தெளிவாக வரும். 1861இல் அவர் இறந்தபோது பால் ப்ரோக்கா என்ற அறுவை மருத்துவர் மூளையைப் பரிசோதித்தார். இடப்பக்கத்தின் முன்பகுதியில் சேதம். பேச்சுக்கு மூளையில் ஓர் இடம் உண்டு என்று மருத்துவ உலகம் ஏற்கத் தொடங்கியதே அதற்குப் பிறகுதான்.

யோசித்து, சொல் தேடி, வாக்கியம் கட்டிப் பேசுவதைப் பெரும்பாலானவர்களுக்கு மூளையின் இடப்பக்கம் பார்த்துக்கொள்கிறது. வசவு அப்படிக் கட்டப்படுவதில்லை. ஒன்று இரண்டு மூன்று எண்ணுவது, கிழமைகளை வரிசையாகச் சொல்வது, சின்ன வயதிலிருந்து வாயில் ஊறிய பிரார்த்தனை, பாட்டு, இவற்றோடு சேர்ந்தது அது. மொத்தமாக ஒரு துண்டாக வரும். அதில் வலப்பக்கத்துக்கும், மூளையின் ஆழத்தில் உள்ள பகுதிகளுக்கும் பங்கு உண்டு. இடப்பக்கம் அடிவாங்கினாலும் இது தப்பிவிடுவது அதனால்தான். உங்கள் அப்பா அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்கவில்லை. இடிந்த வீட்டில் எந்தச் சுவர் நிற்கும் என்று வீட்டுக்காரர் முடிவு செய்வதில்லை.

சொல்லாதவருக்கு அந்தச் சொல் எப்படித் தெரியும் என்று நினைக்கிறீர்களா? 31 வருடம் பள்ளிக்கூட மைதானத்தில் கேட்டிருக்கிறார். கழிப்பறைச் சுவரில் படித்திருக்கிறார். அந்தச் சொல்லுக்காக எத்தனை பையன்களை முட்டி போட வைத்தாரோ! கேட்டதெல்லாம் உள்ளே போய்ச் சேரும். இருப்பதால் மட்டும் அது ஒருவருடைய மனசாகிவிடாது.

பிரெஞ்சுக் கவிஞர் போதலேருக்கும் 1866இல் இதே நிலைமை வந்தது. அவ்வளவு பெரிய சொல்வளம் போய், 'க்ரே நோம்' என்ற அரைகுறைச் சாபம் மட்டும் நாக்கில் நின்றது. பிரஸ்ஸல்ஸில் அவரைப் பார்த்துக்கொண்ட கன்னியாஸ்திரீகள் அதைக் கேட்டு மிரண்டுபோனார்கள். 'புனிதப் பெயர்' என்பதன் சிதைவுதான் அது. நம் காதுக்கு அதில் ஒன்றுமே இல்லை. அவர்களுக்கு அது தெய்வநிந்தை. நம் ஊரில் வசவு என்றால் அம்மாவும் உடம்பும் சாதியும்தான். எதை ஒரு சமூகம் தொடக் கூடாது என்று வைத்திருக்கிறதோ, கோபம் நேராக அங்கேதான் கை வைக்கிறது.

வசவு எல்லாமே சரி என்று நான் சொல்லவில்லை. ஒருவரின் சாதியைச் சொல்லித் திட்டுவது, வேலைக்காரரின் அம்மாவை இழுப்பது, பெண்ணை வாயடைக்க வைக்க அவள் உடம்பைப் பற்றிப் பேசுவது, இதெல்லாம் கை ஓங்குவதுதான். அதில் எனக்கு எந்தச் சமரசமும் கிடையாது. ஆனால் அந்தச் சொல் கொடியதாவது, அதை ஒருவர் இன்னொருவர் மேல் எறிகிறபோது. உங்கள் அப்பா யார் மேல் எறிகிறார்? தண்ணீர் கேட்கிறார்.

தமிழாசிரியர் என்றீர்கள். 'அவையல்கிளவி' என்ற சொல் அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். அவையில் சொல்லத் தகாதது. "அவையல் கிளவி மறைத்தனர் கிளத்தல்" என்கிறது தொல்காப்பியம். நன்னூல் அதற்கு இடக்கரடக்கல் என்று பெயர் வைத்தது. 'கால் கழுவி வந்தேன்' என்று நாம் சொல்வது அந்த வழியில்தான். அப்படி ஒரு சொல்லே இல்லை என்று இலக்கணம் சொல்லவில்லை, அவையில் மறைத்துச் சொல் என்கிறது. எனக்கு இது பிடித்திருக்கிறது.

இப்போது மகளின் கேள்விக்கு வருகிறேன். மனிதர்கள் கற்பனை செய்த அவைகளிலேயே மிகப் பெரியது விண்வெளி. அங்கே நாம் எப்படி நடந்துகொண்டோம்? 1972இல் போன பயனியர் 10 விண்கலத்தில் ஓர் ஆண், ஒரு பெண் படம் பொறித்த தகடு இருந்தது. இருவரும் நிர்வாணமாக. பெண்ணின் பிறப்புறுப்பைக் குறிக்கும் ஒரு சின்னக் கோடு மட்டும் இல்லை. அப்படியும், வானத்துக்கு ஆபாசம் அனுப்புகிறார்கள் என்று அமெரிக்கப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்கள். 1977இல் வாயேஜர் தட்டுக்கு, உடையில்லாமல் நிற்கும் ஓர் ஆணும் கருவுற்ற பெண்ணும் இருக்கும் புகைப்படத்தைத் தேர்ந்தெடுத்தபோது நாசா ஒப்புக்கொள்ளவில்லை. நிழலுருவம்தான் போனது. போர், வறுமை, நோய் பற்றிய படங்களையும் தட்டைத் தயாரித்த விஞ்ஞானி கார்ல் சேகனின் குழு வேண்டுமென்றே தவிர்த்துவிட்டது. பெறுபவர்களுக்கு உடம்பு என்று ஒன்று இருக்குமா என்பதே தெரியாது. வெட்கப்பட்டது அவர்களை நினைத்து அல்ல, அக்கம்பக்கத்தை நினைத்துத்தான். நீங்கள் சொந்தக்காரர்களை வர வேண்டாம் என்றீர்களே, அதே பயம்தான். அதற்காக உங்களைக் குறை சொல்ல மாட்டேன்.

(தட்டில் தெலுங்கு உண்டு, கன்னடம் உண்டு, சிங்களம் உண்டு. தமிழ் இல்லை. ஒவ்வொரு முறை அந்தப் பட்டியலைப் பார்க்கும்போதும் எனக்கு வலிக்கிறது.)

அனுப்புகிறவர்கள் இவ்வளவு பார்த்துப் பார்த்து அனுப்பினார்கள். கேட்கிறவர்கள் கதை வேறு. 1960இல் ஃபிராங்க் டிரேக் என்ற வானியலாளர், வேற்றுக்கிரகத்தார் ஏதாவது சமிக்ஞை அனுப்புகிறார்களா என்று பார்க்க, அமெரிக்காவின் கிரீன் பேங்க்கில் 26 மீட்டர் ரேடியோ தொலைநோக்கியை இரண்டு நட்சத்திரங்கள் பக்கம் திருப்பி வைத்துக் கேட்டார். அன்றிலிருந்து இந்தத் தேடலில் இருப்பவர்கள் அர்த்தத்தைத் தேடுவதில்லை. இயற்கை எழுப்பும் ரேடியோ இரைச்சல் அகலமாகப் பரவிக் கிடக்கும். மிகக் குறுகிய அலைவரிசைக்குள் ஒடுங்கிய ஒரு சமிக்ஞை வந்தால், அதை யாரோ ஒருவர் செய்திருக்க வேண்டும். அவ்வளவுதான் முதல் கேள்வி: அங்கே யாராவது இருக்கிறார்களா? அது வாழ்த்தா வசவா என்பதெல்லாம் அப்புறம். 1977 ஆகஸ்ட் 15 அன்று அமெரிக்காவின் ஓஹாயோவில் இருந்த ரேடியோ தொலைநோக்கியில் 72 விநாடிகள் அப்படி ஒன்று பதிவானது. சில நாள் கழித்துத் அச்சான தாளில் அதைப் பார்த்த வானியலாளர் ஜெர்ரி எமன், ஓரத்தில் சிவப்பு மையால் "வாவ்!" என்று எழுதினார். யோசித்து எழுதிய சொல் அல்ல, தானாக வந்தது. இன்றைக்கும் அந்தச் சமிக்ஞைக்கு அதுதான் பெயர். திரும்ப அது வரவேயில்லை.

மகளிடம் சொல்லுங்கள்: அவர்கள் நம்மைப் போலத் தேடுகிறவர்களாக இருந்தால், தாத்தாவின் சொல்லைக் கேட்டு "அங்கே ஒருவர் இருக்கிறார்" என்றுதான் நினைப்பார்கள்.

என் பெரியப்பாவுக்கும் இப்படித்தான் ஆனது. அவருக்கும் ஒரே சொல், அதுவும் பெண்கள் முன்னால் சொல்லக் கூடாத சொல். பெரியம்மா முதல் மாதம் முழுக்க அழுதார். அப்புறம் அழுகையை விட்டுவிட்டுக் கவனிக்க ஆரம்பித்தார். கடைசி எழுத்து மேலே ஏறினால் தண்ணீர். சொல் இரண்டாக உடைந்து வந்தால் முதுகு வலி, புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். மெதுவாக, மூச்சோடு வந்தால் பக்கத்தில் உட்கார் என்று அர்த்தம். நான் ஒரு சாயங்காலம் போயிருந்தபோது பெரியப்பா அதை மெதுவாகச் சொன்னார். பெரியம்மா அரிந்துகொண்டிருந்த கத்தரிக்காயைத் தட்டோடு எடுத்துக்கொண்டு போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மீதியை அரிந்தார்.

பேச்சுப் பயிற்சி தருபவரிடம் ஏற்கெனவே காட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் இந்த வாரமே காட்டுங்கள். எட்டு மாதம் ஆகிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். வீட்டில் இன்னொன்றும் செய்து பாருங்கள். அவர் வகுப்பில் ராகம் போட்டுச் சொல்லிக்கொடுத்த தேவாரம் ஏதாவது இருக்கும். அவர் எதிரே உட்கார்ந்து, வாய் அசைவு தெரிகிற மாதிரி, முதல் அடியில் பாதியைப் பாடிவிட்டு நிறுத்துங்கள். அவசரப்படுத்தாமல் காத்திருங்கள். பேச வராதவர்கள் பலருக்குப் பாட வருகிறது. வந்தால் எனக்கு எழுதுங்கள். வராவிட்டாலும் எழுதுங்கள்.