டியூப்லைட்டில் பொருந்திய ஷேடு வெயிலில் ஏன் பிரிகிறது?

கேள்வி: ஆம்பூரில் ஷூ மேல்பாகத் தோலுக்குச் சாயமேற்றித் தரும் சிறிய யூனிட் நடத்துகிறேன். பையர் கொடுத்த பழுப்பு சாம்பிளோடு எங்கள் அறையில் அச்சாகப் பொருந்திய லாட், அவர்கள் இடத்தில் சிவப்படிக்கிறது என்று திரும்பி வந்துவிட்டது. நிறத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் வாங்கினால் தொல்லை தீருமா?

பதில்: மீட்டருக்குப் பணம் ஒதுக்கும் முன், திரும்பி வந்த தோலில் ஒரு துண்டையும் சாம்பிளையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வாருங்கள். ஆரணியில் பட்டுப் புடவை எடுக்கும் பெண்கள் செய்வது இதைத்தான். கடைக்குள் எத்தனை விளக்கு எரிந்தாலும், ரவிக்கைத் துணியோடு வெளிச்சத்துக்கு வந்து பார்த்த பிறகே பணப்பையைத் திறப்பார்கள். டியூப்லைட்டில் ஒன்றாகத் தெரிந்த இரண்டும் வெயிலில் பிரிந்தால், உங்கள் ஆட்களைத் திட்ட வேண்டாம். இதற்கு மெட்டாமெரிசம் என்று பெயர். டியூப்லைட்டிலேயே இப்போது பொருந்தவில்லை என்றால் கதை வேறு: பெரும்பாலும் முழுதாகக் காயாத தோலில் ஷேடு பார்த்திருப்பீர்கள். ஈரத்தோல் எப்போதும் அடர்த்தியாகத்தான் தெரியும்.

நம் விழித்திரையில் நிறமறியும் கூம்பு செல்கள் மூன்றே வகை. 400 முதல் 700 நானோமீட்டர் வரை எந்த அலைநீளம் எவ்வளவு வந்தாலும், கண் அதை மூன்று கூட்டுத்தொகைகளாகச் சுருக்கிவிடுகிறது. மளிகை ரசீதை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வீட்டு ரசீதிலும் மொத்தம் 500 ரூபாய் என்பதால் பைக்குள் இருக்கும் சாமானும் ஒன்றாகிவிடாது. நாளைக்கு வெங்காய விலை ஏறினால் ஒரு மொத்தம் எகிறும், மற்றது அப்படியே நிற்கும். சாமான் என்பது தோலில் ஏறிய சாயங்கள். விலை என்பது விளக்கு. டியூப்லைட்டின் ஒளி சில அலைநீளங்களில் மட்டும் கூர்முனைகளாகக் குவிந்திருக்கும். வெள்ளை எல்.இ.டி.யில் 450 நானோமீட்டர் அருகே நீலம் தூக்கல். ஒவ்வொரு விளக்கும் ஒரு விலைப்பட்டியல். ஆகவே பையரின் பழுப்பு எந்தச் சாயங்களைக் கலந்து வந்தது என்று கேட்டு, இயன்றவரை அதே சாயங்களில் ஏற்றுங்கள். வேறு சாயங்களால் எட்டிப்பிடித்த ஷேடு ஏதாவது ஒரு விளக்கில் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்து, ஒரு லைட் பாக்ஸ் வாங்குங்கள். உள்ளே சாம்பல் நிறம் பூசியது. அதில் டி65 என்னும் பகல்வெளிச்ச விளக்கும், பையர் கடையில் எரியும் வகை விளக்கும், மஞ்சள் பல்பும் இருக்கட்டும். எந்த விளக்கில் பொருந்த வேண்டும் என்பதை ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள். மேல்நாட்டுப் பழக்கத்தைப் பார்த்து 'வடக்கு ஜன்னல் போதும்' என்பார்கள். அங்கே வடக்கு ஜன்னலில் நேர்வெயில் அவ்வளவாக விழாது. வேலூர் வட்டாரம் ஏறக்குறைய 13 பாகை அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். கத்திரி வெயிலில் அந்த ஜன்னலை நம்பி லாட்டை அனுப்ப முடியாது.

இனி மீட்டர். 1931இல் சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் (சி.ஐ.இ.) வகுத்த 'சராசரிக் கண்'ணின் கணக்கை வைத்து, எந்த விளக்கில் எவ்வளவு பிரியும் என்பதை அது முன்கூட்டியே சொல்லும். வித்தியாசத்தை 'டெல்டா ஈ' என்ற ஒற்றை எண்ணாகத் தரும். 1 என்பது கூர்ந்து பார்த்தால் தெரியக்கூடிய அளவு. ஆனால் தோல், பெயின்ட் அட்டை அல்ல. மேற்பரப்பில் மென்மயிர் எழுப்பிய ஸ்வேட் தோலில் விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள்: மயிர் சாய்ந்த பக்கம் வெளுத்தும் எதிர்ப்பக்கம் கறுத்தும் தெரியும், சாயம் ஒன்றே. மீட்டருக்கும் இதே ஏமாற்றம்தான். ஒரே திசையில் தடவி, முதுகு, வயிறு என்று நாலைந்து இடங்களில் அளந்து சராசரி எடுங்கள். நானாக இருந்தால் முதலில் லைட் பாக்ஸ்; லாட் பெருகிய பிறகு மீட்டர்.

ஷேடு பார்ப்பவருக்கு இஷிஹாரா பரிசோதனை செய்துவிடுங்கள். 1917இல் வந்த அந்தப் புள்ளிப் படங்கள் சிவப்பு–பச்சைக் குறையை நிமிடங்களில் காட்டும். இக்குறைக்கான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், ஆண்களிடம் பெண்களைவிடப் பல மடங்கு அதிகம். வயது கூடக்கூடக் கண்வில்லையும் மஞ்சளித்து நீலத்தைக் குறைக்கும். அறுபது வயது மேஸ்திரியின் அனுபவம் பெரிது, நீலச் சாயலுக்கு மட்டும் ஓர் இளையவரையும் பக்கத்தில் நிறுத்துங்கள்.

சாம்பிளை ஜன்னலோர ஆணியில் மாட்டிவைக்காதீர்கள். வெயிலில் வெளுத்த துண்டோடு ஒப்பிட்டுத்தான் அடுத்த லாட்டும் போகும். பாதியை வெட்டி, தேதி எழுதி, கறுப்புக் கவரில் போட்டுப் பீரோவில் வையுங்கள்.