சைக்கிளுக்கு கார்னெட்டா? யார் சார் சொன்னது?

மடிப்பாக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 54, வங்கி வேலை. செப்டம்பரில் மைத்துனரோடு சேர்ந்து ஜெர்மனியின் பஸ்ஸாவ் ஊரிலிருந்து டான்யூப் ஆற்றங்கரையோரமாகவே ஆஸ்திரியாவின் வியன்னா வரை எட்டு நாளில் சைக்கிளில் போகத் திட்டம். கையில் இரண்டு வருடம் முன்பு 42,000 ரூபாய்க்கு வாங்கிய ஹைப்ரிட் சைக்கிள். அதைக் கொண்டுபோக ‘கார்னெட்’ எடுக்க வேண்டும், கார்கோவில் போட வேண்டும், அங்கே ஓட்ட இன்டர்நேஷனல் லைசென்ஸ் வேண்டும், மொத்தம் 65,000 ரூபாய் ஆகும் என்று ஒரு டிராவல் ஏஜென்ட் சொல்லியிருக்கிறாராம். இதெல்லாம் தேவையா, திரும்பி வரும்போது ஏர்போர்ட்டில் சைக்கிளுக்கு வரி கேட்பார்களா என்கிறார்.

சார், முதலில் அந்த ஏஜென்டுக்கு அட்வான்ஸ் எதுவும் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்திருந்தால் இன்றைக்கே போய்த் திருப்பிக் கேளுங்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பதை இவ்வளவு துல்லியமாக ஒருவர் பில் போட்டு நான் பார்த்ததில்லை.

கார்னெட் என்பது மோட்டார் வண்டிக்கு. புல்லட்டையோ காரையோ எடுத்துக்கொண்டு நாடு நாடாகப் போகிறவர்கள், வண்டியை அங்கே விற்றுவிட்டு வராமல் திரும்பக் கொண்டுவருவேன் என்று ஈடு கட்டி வாங்கும் தாள் அது. ‘ஏடிஏ கார்னெட்’ என்று இன்னொன்றும் உண்டு, கண்காட்சிச் சாமான், தொழில் கருவிகளுக்கு. நம் நாட்டில் அதை ஃபிக்கி என்ற தொழில் வர்த்தகக் கூட்டமைப்பு தருகிறது. இரண்டிலும் ஒரே பெயர் வருவதால் ஏஜென்டுகளுக்கு வசதி, எதைச் சொன்னாலும் கேட்கிறவருக்கு ஏதோ பெரிய காகிதம் போலத் தோன்றும். மிதிக்கிற சைக்கிளுக்கு இரண்டும் வேண்டாம். சுற்றுலாப் பயணி கூடவே கொண்டுவந்து கூடவே திரும்ப எடுத்துப்போகும் சைக்கிள் அங்கே அவருடைய சொந்தச் சாமான் கணக்குதான், வரி கட்ட எதுவும் இல்லாதவர்கள் போகும் பச்சை வழியில் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிடலாம். இன்டர்நேஷனல் லைசென்ஸும் வேண்டாம். சைக்கிளுக்கு ஏது லைசென்ஸ்?

கார்கோ பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். நீங்கள் ஏறும் விமானத்தில் லக்கேஜாகப் போனால் அது உங்கள் பெட்டி. கார்கோவில் போட்டால் அதுவே சரக்கு. அங்கே போய் இறங்கியதும் தனியாக கஸ்டம்ஸ் விண்ணப்பம், அதை எடுத்துத் தர அங்கே ஒரு ஏஜென்ட், சனி ஞாயிறு குறுக்கே வந்தால் கிடங்கு வாடகை. எட்டு நாள் பயணத்தில் மூன்று நாள் கிடங்கு வாசலில் போய்விடும்.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். எட்டு நாளுக்கு உங்கள் சைக்கிளை எடுத்துப்போகவே வேண்டாம், அங்கே வாடகைக்கு எடுங்கள். பஸ்ஸாவிலிருந்து வியன்னா கிட்டத்தட்ட 320 கிலோமீட்டர், நமக்கு சென்னை – திருச்சி தூரம், அதுவும் ஆறு ஓடும் திசையிலேயே. ஈசிஆரில் ஞாயிறு காலை மகாபலிபுரம் போய் இட்லி சாப்பிட்டுவிட்டு வெயில் ஏறுவதற்குள் திரும்புகிறவருக்கு இது தண்ணீர் பட்ட பாடு. பஸ்ஸாவில் எடுத்து வியன்னாவில் விடுகிற மாதிரி வாடகை ஏற்பாடு இருக்கிறது, பக்கவாட்டுப் பைகளோடு தருவார்கள். முன்கூட்டியே உயரத்தைச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். உங்கள் சீட்டை மட்டும் கழற்றி எடுத்துப்போங்கள், உடம்புக்குப் பழகிய சீட்டுக்கு ஈடு கிடையாது. பத்து நாளுக்கு மேல், மாதக்கணக்கில் என்றால்தான் சொந்த சைக்கிள் கட்டுப்படியாகும்.

வாடகை சைக்கிளில் ஒரே ஒரு சிக்கல். இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியும் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை, அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன். நம் ஊர் சைக்கிளில் பெரும்பாலும் வலது கை பிரேக் முன் சக்கரத்துக்கு, இடது கை பின் சக்கரத்துக்கு. அங்கே நேர்மாறு. இடது கையைப் பிடித்தால் முன் சக்கரம் நிற்கும். நாற்பது வருடப் பழக்கத்தில், வேகமாக இறங்கும்போது மெதுவாக்கலாம் என்று நம் இடது கை தானாகப் பிடிக்கும், அப்போது முன் சக்கரம் பூட்டிக்கொண்டு ஆளைத் தூக்கிப் போடும். அது மட்டுமில்லை, சில வாடகை சைக்கிள்களில் பெடலைப் பின்னால் மிதித்தாலே பிரேக் விழும். நாம் சிக்னலில் நிற்கும்போது டிக் டிக் என்று பெடலைப் பின்னால் சுற்றிக் காலுக்கு வாகாக வைத்துக்கொள்வோமே, அந்த வேலை அங்கே நடக்காது. ஓடிக்கொண்டிருக்கும்போது சும்மா பின்னால் சுற்றினாலும் வண்டி நின்றுவிடும். கடையில் எடுக்கும்போதே ‘பின்மிதி பிரேக் இல்லாதது’ என்று கேட்டு வாங்குங்கள். கை பிரேக்கை மாற்றித் தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள், கேபிள் பிரேக் என்றால் சின்ன வேலைதான், ஆனால் பல கடைகளில் மாட்டேன் என்பார்கள். அப்படியானால் முதல் நாள் ஒரு மணி நேரம் ஏதாவது காலி இடத்தில் ஓட்டி, நின்று, ஓட்டி, நின்று கையைப் பழக்குங்கள். இடது லீவரில் ஒரு துண்டு சிவப்பு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். நான் சைக்கிள் தட்டுமுட்டு வேலையில் இருபது வருடமாக இருக்கிறவன், எனக்கே முதல் வெளிநாட்டுப் பயணத்தின் இரண்டாம் நாள் முழங்கை தேய்ந்தது.

சாலையில் வலது பக்கம் போக வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். சிக்கல் நேராகப் போகும்போது வராது, காபி குடித்துவிட்டு வெளியே வந்து ஏறும்போதுதான் வரும், தூக்கக் கலக்கத்தில் இடது பக்கம் போய்விடுவோம். இன்னொன்று, பலகை எதுவும் இல்லாத சின்னச் சந்திப்பில் வலது பக்கத்திலிருந்து வருகிறவருக்கே முதலிடம். மணியடித்துக்கொண்டு நுழைந்துவிடலாம் என்ற நம் ஊர் நியாயம் அங்கே செல்லாது.

சரி, இவ்வளவு சொன்ன பிறகும் என் சைக்கிள்தான் வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறதா? அப்போது கேளுங்கள். கியர் சைக்கிள் கடையில் புது வண்டி வந்த காலி அட்டைப்பெட்டி கேட்டால் கிடைக்கும். முன் சக்கரம், பெடல், சீட்டு கழற்றி, ஹேண்டிலைத் திருப்பி வைத்தால் உள்ளே உட்கார்ந்துவிடும். இடது பெடலின் மறை நேர்மாறு, வழக்கமான திசையில் முறுக்கினால் இறுகிக்கொண்டே போகும். டிக்கெட் போட்ட உடனே விமான நிறுவனத்திடம் சைக்கிள் வருகிறது என்று பதிவு செய்து, கட்டணத்தையும் எடை வரம்பையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பின் கியரைப் பிடித்திருக்கும் சின்ன அலுமினியத் துண்டு, டீரெய்லர் ஹேங்கர் என்போமே, அது பெட்டி விழுந்தால் முதலில் வளையும். வண்டிக்கு வண்டி மாறுவதால் வெளிநாட்டுக் கடையில் உங்களுடையது கிடைப்பது அதிர்ஷ்டம். இங்கேயே ஒன்று கூடுதலாக வாங்கிப் பையில் போடுங்கள். அப்புறம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எட்டு நாள் ஓட்ட முடியாது. பஸ்ஸாவில் எறிந்துவிட்டு, வியன்னாவில் ஒரு சைக்கிள் கடையில் பழைய பெட்டி கேட்டு வாங்க வேண்டியதுதான்.

இனி வரி. உங்கள் பயம் வீண் பயம் இல்லை. திரும்பி வரும்போது பெட்டியில் பளபளவென்று ஒரு சைக்கிளைப் பார்த்தால், அங்கே வாங்கியதா என்று கேட்க நம் ஏர்போர்ட் கஸ்டம்ஸ்காரர்களுக்கு உரிமை இருக்கிறது. அதற்கு மருந்து, போகும்போதே கஸ்டம்ஸில் வாங்கும் ‘எக்ஸ்போர்ட் சர்டிபிகேட்’. இந்தப் பொருள் இங்கிருந்து போகிறது, திரும்பி வரும் என்று அவர்கள் எழுதிக் கொடுக்கும் தாள். பொருளை அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும், அதனால் லக்கேஜைப் போட்ட பிறகு போய்க் கேட்டுப் பிரயோஜனமில்லை. வீட்டிலேயே பெட்டியை மொத்தமாக ஒட்டிவிடாதீர்கள். பெடல் அச்சுக்குக் கீழே குத்தியிருக்கும் ஃபிரேம் நம்பர் தெரிகிற மாதிரி அட்டையில் ஒரு கதவு வெட்டி வைத்து, அந்த நம்பரின் போட்டோவும் பில் நகலும் கையில் வைத்து, ஒரு உருளை டேப்போடு போங்கள். விமானத்துக்கு நாலு மணி நேரம் முன்பே போங்கள், ஏனென்றால் எந்த கவுன்டர் என்று அங்கே கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுவார், அவர் முதல் ஆளையே திரும்பக் கைகாட்டுவார். உங்கள் உரிமையான ஒரு தாளை வாங்க இப்படி அலையவிடுவது என்ன முறையோ தெரியவில்லை. இந்த அலைச்சலைப் பார்த்து ‘நான் முடித்துத் தருகிறேன் சார்’ என்று யாராவது வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், பயணியே நேரில் கேட்டு வாங்கலாம்.

இதே ஆட்கள் விசாவிலும் இருக்கிறார்கள். ஜெர்மனி, ஆஸ்திரியா உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பெரியவர்களுக்கு 2024 ஜூனிலிருந்து 90 யூரோ, விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. அப்பாயின்ட்மென்ட் தேதியை மொத்தமாகப் பிடித்து வைத்துக்கொண்டு அதையே ஆயிரக்கணக்கில் விற்கிறார்கள், கேட்க ஆளில்லை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்தே விண்ணப்பிக்கலாம், ஆகவே கடைசி மாதம் வரை உட்கார்ந்திருக்காமல் நீங்களே தினமும் பாருங்கள், அதிகாலையிலும் பாருங்கள். எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் கேட்க வேண்டும். நீங்கள் ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கினாலும் பஸ்ஸாவில் ஓர் இரவு தவிர மீதி எல்லாம் ஆஸ்திரியா, ஆக விண்ணப்பம் ஆஸ்திரியாவுக்கு. ஏஜென்ட் ‘டம்மி ஹோட்டல் புக்கிங்’ போட்டுத் தருகிறேன் என்பார். சைக்கிள் பயணத்தில் இரவுக்கு ஓர் ஊர் என்பதால் எட்டு புக்கிங்கையும் விசா அதிகாரிகள் சரிபார்க்க வாய்ப்பு அதிகம், ஒன்று பொய்யென்று தெரிந்தாலும் உங்கள் பெயரில்தான் கறை, ஏஜென்ட் பெயரில் இல்லை. ரத்து செய்யக்கூடிய அறைகளை நீங்களே போடுங்கள். தேதி, ஊர், அன்றைய கிலோமீட்டர் என்று ஒரே பக்கத்தில் அட்டவணை போட்டு மேலே வையுங்கள்.

காப்பீடு 30,000 யூரோ மருத்துவச் செலவுக்காவது வேண்டும் என்பது விதி. பாலிசியில் சைக்கிள் ஓட்டுவதைச் சாகச விளையாட்டில் சேர்த்து விலக்கியிருக்கிறார்களா என்று மட்டும் படித்துப் பாருங்கள், சேர்த்திருந்தால் வேறு பாலிசி. நீங்கள் யார் மேலாவது இடித்துவிட்டால் தரும் இழப்பீடும் உள்ளே இருக்கட்டும்.

கடைசியாக ரயில். ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து பஸ்ஸாவுக்கு ரயிலில் போகலாம். உங்கள் சைக்கிளோடு போனால் அதிவேக ரயிலில் அதற்குத் தனி முன்பதிவு வேண்டும், வண்டிக்குச் சில இடங்களே இருக்கும், செப்டம்பரில் சீக்கிரம் தீர்ந்துவிடும். வாடகை சைக்கிள் என்றால் ஆளுக்கு ஒரு பை, பையில் உங்கள் சீட்டு, ஏறி உட்கார்ந்துவிடலாம். மைத்துனரிடமும் அந்தச் சிவப்பு டேப் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்.