அமெரிக்காவின் பிலடெல்பியா நகரச் சுதந்திரப் பூங்காவில் அரை நாள்தான் இருக்கிறது, எதையெல்லாம் படம் எடுக்கலாம்?

சுதந்திர மண்டபத்தை எப்படியும் எடுப்பீர்கள். முகப்பு வடக்கு பார்த்தது என்பதால் பெரும்பாலான நேரம் நிழலில்தான் இருக்கும். பின்பக்கச் சதுக்கத்துக்குப் போங்கள். கோபுரம் அந்தப் பக்கம்தான், வெயிலும் நன்றாக விழும். 1776 ஜூலை 8 அன்று அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை ஊரறிய வாசித்ததும் அங்கேதான்.

அடுத்து லிபர்ட்டி மணி, அதாவது சுதந்திர மணி. கண்ணாடிச் சுவர் வழியே பின்னால் மண்டபம் தெரிய எல்லாரும் எடுப்பார்கள், அழகாகத்தான் இருக்கும். ஆனால் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். அகலமாகத் தெரிகிற பிளவு, 1846-இல் பழுது பார்த்தவர்கள் துளைத்து அகலப்படுத்தியது. துளைக்கருவியின் தடங்கள்கூட விளிம்பில் தெரியும். மணியின் குரலை அடியோடு பறித்தது அந்தப் பிளவின் மேல்முனையிலிருந்து தலைமுடிபோல் மெல்லியதாக ஏறும் இன்னொரு கீறல். அது 'லிபர்ட்டி' என்ற எழுத்துகளுக்குள்ளேயே ஓடுகிறது. ஜூம் செய்து அதை எடுங்கள்.

நான் கெஞ்சிக் கேட்பது ஒன்று: மணிக்கூடத்தின் வாசலிலேயே இருக்கும் குடியரசுத் தலைவர் மாளிகைத் தளத்தைத் தாண்டிப் போய்விடாதீர்கள். 1790 முதல் 1797 வரை முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் குடியிருந்த வீடு அது. இடித்துவிட்டார்கள், அகழாய்வில் கிடைத்த அடித்தளத்தைக் கண்ணாடி வழியே பார்க்கலாம். அந்த வீட்டில் அவர் அடிமைகளாக வைத்திருந்த ஒன்பது பேரின் பெயர்களைக் கல்சுவரில் செதுக்கியிருக்கிறார்கள். அவர்களில் ஓனா ஜட்ஜ் என்ற இளம்பெண் 1796-இல் தப்பி, கப்பலேறி நியூ ஹாம்ப்ஷயர் போய்ச் சேர்ந்தாள். வாஷிங்டன் ஆள் அனுப்பியும் அவள் திரும்பவில்லை. 1848-இல் இறக்கும்வரை சட்டப்படி அவள் அடிமைதான். சுதந்திரத்தின் சின்னமாக உலகமே கொண்டாடும் மணிக்கு அத்தனை பக்கத்தில் இந்தப் பெயர்கள்! எனக்கு இந்தப் பூங்காவின் மிக முக்கியமான படம் அந்தச் சுவர்தான். மணிக்கு 'லிபர்ட்டி' என்ற பெயரைப் பரப்பியவர்களும் 1830-களில் அடிமை முறையை எதிர்த்தவர்களே.

நேரம் மிஞ்சினால் ஃபிராங்க்ளின் முற்றம், அமெரிக்காவை நிறுவிய தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் ஃபிராங்க்ளின் வாழ்ந்த இடம். அவருடைய வீட்டை 1812-இல் இடித்துவிட்டார்கள். எப்படி இருந்தது என்று சரியாகத் தெரியாத வீட்டைக் கற்பனையாகத் திரும்பக் கட்டாமல், 1976-இல் வெறும் எஃகுச் சட்டங்களால் அதன் வடிவத்தை மட்டும் நிறுத்தினார்கள். கட்டடக் கலைஞர்கள் ராபர்ட் வென்சூரி, டெனிஸ் ஸ்காட் பிரவுன் நிறுவனத்தின் வடிவமைப்பு. எவ்வளவு நேர்மையான முடிவு! சட்டத்துக்கு நேர் கீழே நின்று, அண்ணாந்து, வானம் தெரிய எடுங்கள்.

மண்டபத்துக்குள் போக முன்பதிவு தேவைப்படலாம், கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். மற்ற மூன்றுக்கும் நடைதூரம்தான்.